மலையேறி எழுத்தறிவிக்கச் செல்வோர்க்கு

காரிக்கிழமை விடியற்காலையில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். வத்தலக்குண்டு வழியே கொடைக்கானலுக்கும், பதினெட்டு வளைவுகளில் சுற்றியேறும் சிறுமலைக்கும், ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடிப் பக்கங்களுக்கும் செல்லும் பேருந்துகளில் இளைஞர் கூட்டம் முதுகுப் பைகளோடு முண்டியேறுவதைக் காண்பீர்கள். குளிர் காணச் செல்வார் சிலர். அருவி காணச் செல்வார் சிலர். கண்டதைப் படமெடுத்துப் பிறர்க்குக் காட்டுவதற்கென்றே செல்வார் பலர். மலையோ திணறுகின்றது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு ஊர்தியில் செல்வோர் மின்வழியில் இசைவுச்சீட்டுப் பெற்றே செல்லவேண்டும் என்று சென்னை உயர்முறைமன்றம் ஆணையிட வேண்டிய அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது.

அக்கூட்டத்தின் நடுவே வேறு நோக்கோடு ஏறுவாரும் சிலர் உளர். அவர்தம் பைகளில் சுண்ணக்கட்டியும் கரிக்கோலும் அகரச் சுவடியும் இருக்கும். மலை காணச் செல்லும் விடுமுறையிலேயே ஆங்குள்ள பழங்குடி மக்கட்கு நாலெழுத்துக் கற்பித்துத் திரும்புவோம் என்னும் நல்லெண்ணத்தினர் அவர். அண்மையில் நம் இயக்க இளைஞர் சிலரும், "பத்து நாள் கீழ்மலைக்குச் செல்கின்றோம், வாழ்த்துங்கள், ஐயா" என்று கேட்டு வந்தனர். வாழ்த்தினேன். ஆனால் வாழ்த்தோடு சில கடுஞ்சொற்களையும் சொல்லவேண்டியிருந்தது. அவர்கட்குச் சொன்னதையே ஈண்டு எல்லார்க்கும் சொல்லுகின்றேன்.

வழிப்போக்கராய்ச் சென்று கற்பிப்பது கற்பித்தல் ஆகாது. முதலில் கற்கச் செல்பவனே பின்னர்க் கற்பிக்கத் தக்கவன். ஒருமுறை சென்றவன் விருந்தினன். மீண்டும் மீண்டும் செல்பவனே தொண்டன். இம்மூன்றும் என் முடிபு. இவற்றை யான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன், பிழைபட்டு அறிந்தேன்.

தலைகுனிய வேண்டிய கணக்கு

முதற்கண் ஒரு கணக்கைப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 7.95 நூறாயிரவர், நாட்டு மக்களுள் நூற்றுக்கு 1.1 பங்கினர். அவ்வாண்டில் தமிழ்நாட்டின் பொது எழுத்தறிவு 80.1 விழுக்காடு. பழங்குடியினர் எழுத்தறிவோ 54.3 விழுக்காடு. பழங்குடிப் பெண்டிருள் எழுத்தறிந்தார் பாதிக்கும் குறைவு.

இதனினும் சுடுவது வேறொன்று. இந்தியா முழுமைக்கும் பொது எழுத்தறிவு 73 விழுக்காடு. தமிழ்நாடு அதனினும் ஏழு புள்ளி மேலே நின்றது. ஆனால் இந்தியா முழுமைக்கும் பழங்குடியினர் எழுத்தறிவு 59 விழுக்காடு; தமிழ்நாடு அதனினும் ஐந்து புள்ளியளவு கீழே நின்றது! பொதுக் கணக்கில் முன்னே நின்று மார்தட்டும் நாம், நம் மலைமக்கள் கணக்கில் பின்னே நின்று முகம் மறைக்க வேண்டியவராயிருந்தோம். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்புத் தள்ளிப்போனமையால், இந்நிலை எவ்வளவு மாறிற்று என்று எண்ணிட்டுச் சொல்லவும் இயலாதிருக்கின்றோம்.

கல்வி நிலையங்கட்கு இப்பக்கத்தில் குறைவும் இல்லை. திண்டுக்கல்லுக்கு அணித்தே காந்திகிராமத்தில் 1956-இல் ஊரகக் கல்வி நிலையம் தோன்றியது. 1976-இல் அது பல்கலைக்கழகத்திற்கு ஒப்பான நிலையும் பெற்றது. 1985-இல் மதுரையினின்று பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று; ஆட்சி அலுவலகமும் அருகே வந்தது. அவ்வளவும் வந்தும், மலைச்சரிவிலுள்ள குடியிருப்புகளில் கைந்நாட்டு இன்னும் ஒழிந்தபாடில்லை.

குறிஞ்சி பாடிய நாவும் குறிஞ்சியை மறந்த நெஞ்சும்

குறிஞ்சியை ஐந்திணையுள் முதலாக வைத்துப் பேசும் மரபினர் நாம். பழனி என்று இன்று வழங்கும் மலையைப் பொதினி என்று பழம்பாட்டிற் கண்டு மகிழ்கின்றோம். அம்மலைக்குரிய ஆவியர் குலத் தலைவன் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த கொடையை மேடைதோறும் முழங்குகின்றோம். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் புலவர்களும் நம்மிடை உளர்.

ஆனால் அப்பொதினியின் தொடர்மலைகளில் இன்றும் வாழும் பளியரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? தொண்ணூற்றொன்பது பூவையும் நெட்டுருச் செய்த புலவரைக் கீழ்மலைக் காட்டில் கொண்டுபோய் விட்டால், ஒன்பது பூவைக் காட்டிப் பெயர் சொல்வாரா? பத்து அகவைப் பளியச் சிறுமியோ, எந்தக் கொடியின் கீழே கிழங்கு உண்டு, எந்தக் கிழங்கை எத்தனை முறை வேகவைத்தால் கசப்பு நீங்கும், எந்தப் பூவுக்கு எந்தத் தேனீ வரும் என்று நடந்துகொண்டே சொல்வாள். நமக்கு ஏட்டில் இருப்பது அவளுக்குக் காலடியில் இருக்கின்றது. அவளைத்தான் நாம் 'அறியாதவள்' என்று எழுதிவைத்திருக்கின்றோம்.

அவர்தம் பெயர்கூட நம் கையில் என்ன பாடு படுகின்றது பாருங்கள். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் இம்மக்களின் பெயர், உரோம எழுத்தில் மூன்று வேறு எழுத்துக்கூட்டலில், மூன்று தனித்தனிக் குடிகள்போல் மூன்று வரிசையெண் பெற்று நிற்கின்றது. ளகரத்திற்குத் தனியெழுத்தில்லாத எழுத்தில் ஒரு குடியின் பெயரை எழுதினால் அது பளியரோ, பள்ளியரோ, பல்லியரோ என்று படிப்போர் மயங்கத்தானே செய்வர்! தமிழெழுத்தில் 'பளியர்' என்று நான்கே எழுத்தில் ஐயமற எழுதிவிடலாம். தன் இனச்சான்றில் ஓரெழுத்து மாறியிருப்பின், அம்மாற்றத்தால் பிள்ளைக்குப் பள்ளி விடுதியிடமும் உதவித்தொகையும் தவறிப்போகும். தவறியதை அறியவேண்டிய தந்தைக்கு அவ்வெழுத்துத் தெரியாது. எழுத்தறிவு என்பது அவர்க்கு அணிகலன் அன்று. தம் பெயரைத் தாமே காத்துக்கொள்ளும் வேலி.

யான் செய்த பிழை

பல ஆண்டுகட்கு முன் யாம் எண்மர், கீழ்மலையில் ஓர் ஊருக்கு அப்பால் ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணிநேரம் நடந்து, ஒரு பளியர் குடியிருப்புக்குச் சென்றோம். ஒன்பது இரவு தங்குவதாகத் திட்டம். கீழ்நாட்டுப் பள்ளிகளில் வழங்கும் அகரச் சுவடிகள் இருபது எடுத்துச் சென்றிருந்தோம். முதல் இரவு இருபதின்மருக்கு மேல் வந்து அமர்ந்தனர். எமக்குப் பெருமகிழ்ச்சி.

சுவடியில் ஏகாரத்திற்கு ஏர், ஓகாரத்திற்கு ஓடம். அக்குடியிருப்பில் ஏர் பூட்டுவாரும் இல்லை. ஓடம் கண்டாரும் இல்லை. எழுத்தைக் கற்பிக்குமுன் ஏர் இன்னது, ஓடம் இன்னது என்று கற்பிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் இரவு மூதாட்டி ஒருவர் சுவடியிலிருந்த கிழங்குப் படத்தைக் காட்டித் தம் வழக்கில் அதன் பெயரைச் சொன்னார். யான் உடனே, "அப்படிச் சொல்வது பிழை, அம்மா, தூய தமிழில் இவ்வாறு சொல்லவேண்டும்" என்று திருத்தினேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, தலையை அசைத்துக்கொண்டார். அன்றிரவு பலர் பேச்சில் பல 'பிழை'களைத் திருத்தினேன். செந்தமிழ்த் தொண்டு செய்துவிட்ட நிறைவோடு உறங்கினேன்.

மறுநாள் இரவு பாதிப்பேரே வந்தனர். ஆறாம் இரவு சிறுவர் மூவர். ஒன்பதாம் இரவு விளக்கும் யாமுமே இருந்தோம். எவரும் எம்மைச் சினந்து பேசவில்லை, போகச் சொல்லவுமில்லை, காட்டுக்குள் வேலை என்று நகர்ந்துவிட்டனர். கீழே இறங்கிவந்து, 'மலைமக்கட்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று அறிக்கை எழுதினோம். அவ்வறிக்கையில் கையெழுத்திட்டவருள் யானும் ஒருவன்.

அடுத்த ஆண்டு வேறொரு பணியாய் அவ்வழியே தனித்துச் சென்றேன். அக்குடியிருப்பின் பெரியவர் என்னை அடையாளங்கண்டு, தேனும் கிழங்கும் தந்து, அமரச் சொன்னார். நெடுநேரம் கழித்து, "எழுத்துச் சொல்ல வந்தீர்கள், நல்லது. எங்கள் பேச்சே தப்பு என்றீர்கள். பேச்சே தப்பென்றால் நாங்கள் வாய் திறப்பது எப்படி? எப்படியும் நீங்கள் போய்விடுவீர்கள், நாங்கள் இங்கேதானே இருக்கவேண்டும்" என்றார். குரலில் சினம் சிறிதும் இல்லை. அருகிலிருந்த பாறையில் கரியால் இரண்டெழுத்துப் பலமுறை கிறுக்கப்பட்டிருந்தது. யாருடையது என்று கேட்டேன். ஆறாம் இரவு வரை வந்த சிறுவருள் ஒருவனது பெயர் அது. மூன்றெழுத்துப் பெயர், மூன்றாம் எழுத்தைக் கற்பிக்குமுன் யாம் இறங்கிவிட்டோம். ஓராண்டாக அவன் முக்காற்பெயரையும் எட்டாத தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான்.

அன்று பாறை முன் நின்று யான் அடைந்த நாணத்தை எத்தனை மேடையேறியும் கழுவ இயலவில்லை. அறிக்கை பொய்யென்று அச்சிறுவனின் கரி எழுத்தே சான்று கூறிற்று.

அடக்கம் வேறு, அறியாமை வேறு

பின்னாளில் ஒரு செய்தி படித்தேன். பீட்டர் கார்ட்னர் என்னும் அமெரிக்க மாந்தவியலார் 1962 முதல் 1964 வரை தமிழ்நாட்டு மலைகளில் பளியரோடு வாழ்ந்து ஆராய்ந்தவர். பளியர் வாழ்வின் அடிப்படை ஒருவரையொருவர் மதித்தலே என்பது அவர் கண்ட முடிபு. மூத்தார் இளையாரை ஏவுவதில்லை. கணவன் மனைவியை அதட்டுவதில்லை. பூசல் எழுமாயின் எதிர்த்து நிற்பதினும் அவ்விடம்விட்டு அகன்று செல்வதே அவர்தம் நெறி. அறிவையும் அவர்கள் கூட்டி உட்காரவைத்து உரக்கச் சொல்லிப் பரப்புவதில்லை. ஒவ்வொருவரும் தாமே கண்டும் பட்டும் அறிகின்றனர் என்றும் அவர் எழுதினார்.

அதைப் படித்தபின்னரே எம் ஒன்பது இரவும் எனக்கு விளங்கின. எழுந்து போனது நாட்டமின்மையால் அன்று. மதிப்பிழந்த இடத்தில் நில்லாமை அவர்தம் பண்பாடு. வரிசையில் அமர்த்திப் பிரம்பின்றியேனும் குரலால் அடிக்கும் நம் வகுப்பறை முறை, ஏவலே அறியாத மக்களிடம் எப்படிச் செல்லும்? அவர்கள் நமக்கு விடையிறுத்தனர். அவ்விடையைப் படிக்கும் எழுத்தறிவு நம்மிடம் இல்லாதிருந்தது.

நம் கொள்கை நம்மையே கேட்கும் கேள்வி

இனி, நம் இயக்கத்தார்க்கே உரிய ஒரு சொல். பளியர் பேச்சைத் தனிமொழியாகக் கொள்வர் மொழியியலாருள் சிலர். தமிழின் கிளைவழக்கு என்பர் வேறு சிலர். அவ்வழக்கு யாதாயினும் ஆகுக. அது அம்மக்கள் தாய்முலைப்பாலோடு பருகிய மொழி.

1938-இலும் 1965-இலும் நாம் எதை எதிர்த்தோம்? வேறொரு மொழியையா வெறுத்தோம்? இல்லை. எம் நாவில் இல்லாத மொழியை எம்மேல் ஏற்றி, அதில் தேறாதவன் அறிவிலி என்று முத்திரை குத்துவதை எதிர்த்தோம். அந்த அறம் நமக்கு மட்டும் உரியதா? கீழ்நாட்டு எழுத்து வழக்கைத் தூக்கிக்கொண்டு மலையேறி, 'உன் பேச்சுப் பிழை' என்று மூதாட்டி ஒருத்தியிடம் சொல்லும்போது, தில்லியிலிருந்து நம்மிடம் சொன்னதையே நாம் மலையில் சொல்லுகின்றோம். பெரியவன் சிறியவனிடம் செய்தால் திணிப்பு. நாம் நம்மினும் சிறியவனிடம் செய்தால் தொண்டா?

தாய்மொழி வழியே தொடக்கக் கல்வி என்பது நாம் மட்டும் சொல்வதன்று. 1953-இல் யுனெசுகோ அமைப்பு வெளியிட்ட அறிக்கை அதனையே வலியுறுத்திற்று. 1956-இல் இந்திய அரசமைப்புச் சட்டத்திற் சேர்க்கப்பெற்ற 350-அ பிரிவும், மொழிச் சிறுபான்மையர் பிள்ளைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஏந்து செய்தல் வேண்டும் என்கின்றது. நமக்கென்று கேட்கும்போது எடுத்துக்காட்டும் இவற்றை, நம்மிடம் பிறர் கேட்கும்போது மறக்கலாமா?

வேறொன்றும் எண்ணுக. மொழிஞாயிறு பாவாணர் ஏட்டுச் சொல்லோடு நின்றவரல்லர். உலக வழக்கில் உழவரும் தொழிலாளரும் வழங்கும் சொற்களைத் தேடித் தேடித் தொகுத்தவர். 1974-இல் தமிழ்நாட்டரசு நிறுவிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு இயக்குநராய் அமர்ந்து, 1981-இல் மறையும் வரை அப்பணியிலேயே உழன்றவர். அவர் வழியினர் என்று சொல்லிக்கொள்ளும் யான், கிழங்குக்கு ஒரு மலைச்சொல் காதில் விழுந்தபோது அதனைக் குறித்துவைக்கத் தோன்றாமல் அடித்துத் திருத்தினேன்! சொல் தேடிப் போனவன் கையிற் கிடைத்த சொல்லை வீசியெறிந்த கதை இது. அம்மூதாட்டி இன்றில்லை. அச்சொல்லை யான் மறந்துவிட்டேன்.

எழுத்து எதற்கு?

"மலையில் நிறைவாய் வாழ்வாரை எழுத்தென்னும் வலையில் ஏன் சிக்கவைக்க வேண்டும்?" என்று கேட்பாரும் உளர். மலையிற் பிறர் எழுத்து நுழையாதிருந்தால் இக்கேள்வி பொருந்தும். எழுத்து எப்போதோ நுழைந்துவிட்டது. காப்பி எனப்படும் குளம்பித் தோட்டங்களில் முன்பணம் கொடுத்தவனின் குறிப்பேட்டில் எழுத்து இருக்கின்றது. தேனையும் கடுக்காயையும் நிறுத்து வாங்குபவனின் நிறைகோலில் எண் இருக்கின்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்தது. ஆனால் வாங்கிய பணம் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று படிக்கத் தெரியாதவனுக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். எழுத்து ஒருவன் கையில் மட்டும் இருந்தால் அது கோல். இருவர் கையிலும் இருந்தால் அது கணக்கு.

காட்டைப் பற்றியதே பெரிய கணக்கு. 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டம், 2005 திசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டில் குடியிருந்தும் பயிரிட்டும் வரும் பழங்குடியினர்க்கு நான்கு எக்டேர் வரை நிலவுரிமையும், தேன் முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டும் உரிமையும் வழங்குகின்றது. உரிமைக் கோரிக்கையை முதலில் ஆய்வது ஊரவை. 2008-இல் வந்த நடைமுறை நெறிகளின்படி, ஊர் முதியோர் வாய்மொழியாகக் கூறும் செய்தியும், அது எழுத்தில் வடிக்கப்பெற்றால், சான்றாகக் கொள்ளப்படும். தமிழ்நாட்டில் உயர்முறைமன்ற ஆணையொன்றால் உரிமையாவணம் வழங்குவது தடைப்பட்டு, 2016-இல் உச்ச முறைமன்றம் தடையை நீக்கிய பின்னரே வழி திறந்தது. இதற்கிடையே 2013-இல் கொடைக்கானல் காடுகள் காட்டுயிர்ப் புகலிடமாகவும் அறிவிக்கப்பெற்றன.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து எண்ணுங்கள். பாட்டன் எந்தப் பாறையில் தேனெடுத்தான், எந்த ஓடைக்கரையில் எந்தக் குடும்பம் இருந்தது என்பதெல்லாம் முதியோர் நெஞ்சில் உள்ளது. சட்டம் அதனை ஏற்கின்றது. ஆனால் எழுத்தில் வந்தால்தான் ஏற்கின்றது. அவ்வெழுத்தைப் பிறன் எழுதினால் எழுதியவன் விருப்பப்படி எழுதுவான். தன் மகனோ மகளோ எழுதினால் பாட்டன் சொன்னபடி எழுதப்படும். மலையில் எழுத்தறிவின் முதற்பயன் இதுவே. இதைவிட்டு, ஏரும் ஓடமும் கற்பித்து இறங்குவதால் என்ன பயன்?

உலகம் காட்டும் வழி

இத்துறையில் உலகம் பெற்ற பட்டறிவு நமக்குத் துணையாகும். 1930-இல் பிலிப்பைன்சு நாட்டு மிண்டனாவோ தீவில், இலானோ மேட்டுநிலத்து மரனாவோ மக்களிடம் எழுத்தறிவுப் பணி செய்தார் பிராங்கு இலாபக்கு என்னும் அமெரிக்கர். மரனாவோ மொழியை முதலில் அவர் கற்றார், அம்மொழியிலேயே கற்பித்தார். பணமில்லாமல் பணி நிற்கவிருந்த வேளையில் அம்மக்கள் தலைவர் ஒருவரே, கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவர்க்குக் கற்பித்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார். 'ஒருவர் ஒருவர்க்குக் கற்பிக்க' என்று உலகெங்கும் வழங்கும் முழக்கம் இவ்வாறு பிறந்தது. வந்தவன் உள்ளத்தில் அன்று, கற்றவர் உள்ளத்தில் பிறந்த முழக்கம் அது.

1961-இல் கியூபா நாட்டில், பள்ளிகளை மூடிவைத்து நூறாயிரம் இளைஞர் ஊர்ப்புறங்களுக்கும் மலைகளுக்கும் சென்றனர். அவர்கள் குடிசைகளிலேயே தங்கினர். பகலில் அம்மக்களோடு வயலில் உழைத்தனர். இரவில் விளக்கொளியில் கற்பித்தனர். ஏழு நூறாயிரவர்க்கு மேல் அவ்வாண்டில் எழுத்தறிந்தனர். அந்நாட்டு அரசியல் நமக்கு உடன்பாடோ அன்றோ, அவ்விளைஞர் பத்து நாளில் இறங்கிவிடவில்லை என்பதை மறுக்கவியலாது.

1963-இல் பிரேசில் நாட்டு அங்கிக்கோசு ஊரில் பாலோ பிரெயிரே என்பார் உழைக்கும் மக்கள் முந்நூற்றுவர்க்கு நாற்பது மணிநேர அளவிற் படிக்கக் கற்பித்தார். அவர் சுவடியோடு செல்லவில்லை. முதலில் அம்மக்கள் பேச்சைக் கேட்டு, அவர்தம் வாழ்வில் எடைமிக்க சொற்களைத் தெரிந்தெடுத்து, அச்சொற்களையே பாடமாக்கினார். எழுதப் படித்தவர் தம் நிலையைப் பற்றிக் கேள்வி கேட்கவும் கற்றனர். மறு ஆண்டே படையாட்சி வந்து அவரைச் சிறையிலிட்டது. பின்னர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. எழுத்தை அஞ்சுவார் யாவர் என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலும் நடந்தது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, ஊதியமின்றிக் கற்பித்த தொண்டருள் பெரும்பாலார் அவ்வவ்வூரினர். கற்கும் பெண்டிர் மிதிவண்டியும் பழகினர். கல்லுடைக்கும் பெண்டிரும் வண்டியேறிக் கூட்டங்கட்குச் சென்றனர். எழுத்து அவர் காலுக்கு விரைவு தந்தது. ஆயின் தொடர்ந்து படிக்க நூலும் கூட்டமும் இல்லாத இடங்களில் கற்ற எழுத்து மங்கியதையும் பார்த்தோம். 2022 முதல் நடுவணரசின் புதிய வளர்ந்தோர் எழுத்தறிவுத் திட்டமும் தொண்டர்களையே நம்பி நடக்கின்றது. திட்டங்கள் வரும், போகும். மலையில் நிலைத்து நிற்பவர் அம்மலை மக்களே.

செல்வோர் கொள்ளவேண்டிய நெறி

"ஒன்றும் செய்யாமலிருப்பதினும் பத்து நாளாவது செய்வது மேலன்றோ?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. அப்பாறையைப் பார்த்திராவிட்டால் யானும் ஆம் என்றிருப்பேன். தொடங்கி விடுவது வெறுமையன்று. அது ஓர் ஏமாற்றம். 'உனக்கு இது வாராது' என்னும் எண்ணத்தை விதைத்துவிட்டு வருகின்றது. அடுத்து உண்மையாய் வருபவனுக்கும் அது வழியை அடைக்கின்றது. ஆகவே செல்லவேண்டா என்று சொல்லுகின்றேனல்லேன். செல்லுங்கள், ஆனால் இவ்வாறு செல்லுங்கள்:

முதலாவது, ஊர் ஊராய்ச் சுற்றாதீர். ஒரே குடியிருப்பைத் தேர்ந்து, மூன்றாண்டுக்கேனும் அங்கேயே செல்வதென்று உறுதி கொள்ளுங்கள். எண்மர் ஒன்றாய் ஒன்பது நாள் செல்வதைவிட, இருவர் இருவராய் முறைவைத்து ஒவ்வொரு திங்களும் செல்வது நன்று. முதலில் அம்மக்கள் பெரியோரிடம் இசைவு கேளுங்கள். காட்டுத்துறை இசைவு அதன்பின் பெறவேண்டியது.

இரண்டாவது, முதற்செலவில் கற்பிக்கவே வேண்டா. வெற்றேடு ஒன்று கொண்டுசென்று, அவர்கள் சொல்லும் நூறு சொற்களைக் கேட்டு எழுதுங்கள்: கிழங்கு, கொடி, தேனீ, பாறை, மழை, உறவு என்பன. எழுதியதை அவர்கட்கே படித்துக் காட்டுங்கள். தம் நாவிலிருந்த சொல் தாளிலிருந்து திரும்பிவரக் கேட்கும்போது தோன்றும் வியப்பே முதற்பாடம். அந்நூறு சொல்லே சுவடி.

மூன்றாவது, திருத்தாதீர். அவர் சொல்லியபடி எழுதக் கற்பியுங்கள். "அவ்வாறாயின் பொதுத்தமிழ் எப்படி வரும்? அலுவலகத்தில் என் செய்வார்?" என்பீர்கள். வரும். தன் சொல்லை எழுதத் தெரிந்தவனுக்கு ஊர்ப்பொதுச் சொல் இரண்டாம் படி. முதற்படியே இல்லாமல் இரண்டாம் படியில் ஏற்ற முயன்றதே எம் பிழை. எழுத்தோ இரண்டிற்கும் ஒன்றே.

நான்காவது, அவர்தம் காலத்திற்குச் செல்லுங்கள். உங்கள் விடுமுறைக்கு அன்று. நளி (கார்த்திகை) முதல் சுறவம் (தை) வரை தோட்டங்களில் பழம் பறிப்பு. தேன்காலத்தில் ஆடவர் பாறைகளில் இருப்பர். எப்போது வரலாம் என்று அவர்களையே கேளுங்கள். ஒளிப்படக் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் செல்லுங்கள். வறுமையைப் படம்பிடித்துக் கொண்டுவருவது தொண்டன்று, திருட்டு.

ஐந்தாவது, தலையாயது: குடியிருப்பிலேயே ஒரு பெண்ணோ ஆணோ ஆசிரியராக எழும்வரை ஓயாதீர். அவர்க்குத் திங்கள்தோறும் ஒரு சிறு தொகையேனும் நம் கிளைகள் திரட்டித் தரவேண்டும். நாம் மேடைக்கும் பந்தலுக்கும் தோரணத்திற்கும் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். நீங்கள் இல்லாமலும் வகுப்பு நடக்கும் நாளே உங்கள் தொண்டு முடிந்த நாள்.

முடிப்பாக ஒன்று. பழனிமலைத் தொடரில் பன்னீராண்டுக்கொருமுறை குறிஞ்சி பூக்கின்றது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கவேண்டும். பூக்கும் ஆண்டில் மலை கொள்ளாத கூட்டம். மற்றப் பதினோராண்டும் அச்செடியைத் திரும்பிப் பார்ப்பாரில்லை. மலைமக்களிடமும் நாம் இதுகாறும் அவ்வாறே நடந்துகொண்டோம். விழாவுக்குச் சென்றோம், வேரைப் பார்த்திலோம்.

திண்டுக்கல், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம், பழனி வட்டத்துத் தமிழிளைஞர்களே! மலை உங்கள் வீட்டு வாயிலில் நின்றால் தெரிகின்றது. அடுத்த காரிக்கிழமை பேருந்தேறுமுன், பையிலுள்ள சுவடியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஒரு வெற்றேட்டை உள்ளே வையுங்கள். இறங்கும்போது அதில் நூறு சொல் இருக்கட்டும். மறு திங்கள் மீண்டும் ஏறுங்கள். 2030-இல் குறிஞ்சி பூக்கும்போது, அம்மலையில் ஒரு சிறுமி அப்பூவுக்குத் தன் மொழியில் வழங்கும் பெயரைத் தன் கையால் பாறையில் எழுதட்டும், முழுப்பெயரையும் எழுதட்டும்.